செயலாளர் தலையில் ஹெல்மெட்

"ஹலோ... நான்தான்... ஆமா, ஆமா, நான்தாம்மா. பாத்ரூம்ல இருக்கேன், அதான் மெதுவாப் பேசறேன்... வீட்டு பாத்ரூம் இல்ல, கூட்டம் நடக்கற ஹால்ல! ஹெல்மெட் கழல மாட்டேங்குது... விளையாடலம்மா. தாடைக்குக் கீழ அந்தக் கிளிப் சிக்கிக்கிச்சு. நகம் பேந்ததுதான் மிச்சம்..."

மனைவியிடம் பேசிக்கொண்டே தபால்காரர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். தபால்காரர்கள் சங்கத்தின் செயலாளர் அவர். சைக்கிளுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று வரப்போகும் சட்டத்தை எதிர்த்து இன்னும் ஐந்து நிமிடத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். ஆறு மாதமாக ஆபீசுக்கு முந்தைய திருப்பத்திலேயே ஹெல்மெட்டைக் கழற்றித் தபால் பையில் ஒளித்துவிடுவார். இன்று தாமதமாகிவிட்டதால் கழற்றாமல் நேராக ஹாலுக்கு வந்துவிட்டார்.

"யாரும் பாக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டே ஓடி வந்துட்டேன்... கத்திரிக்கோலா? பாத்ரூம்ல யாரும்மா கத்திரிக்கோல் வைப்பாங்க?... சோப்பும் போட்டுப் பாத்தேன். கிளிப் பளபளன்னு ஆச்சு, அவ்வளவுதான்... சிரிக்காதே. 'கட்டாயப்படுத்தினா எவன் தலையிலயும் எதுவும் ஏறாது'ன்னு பேச்சை ஆரம்பிக்கணும் நான். இந்தக் கோலத்துல!... ஆமா. ஆமா, நீ சைக்கிள் சாவியை ஒளிச்சு வெச்சுத்தான் போட வெச்சே. ஒத்துக்கறேன்... அதை இப்பச் சொல்லிக் காட்டணுமா?..."

அவர் குரல் இறங்கியது.

"மறக்கலம்மா... சைக்கிள்ல விழுந்து தலையில அடிபட்ட அன்னிக்குத் தெருத்தெருவா எல்லார் வீட்டு நம்பரையும் ஒப்பிச்சேன், நம்ம வீட்டு நம்பர் மட்டும் வரல. தெரியும்... அழுதியா? நீயா?... ஆறு மாசமா இதைச் சொல்லவே இல்லையே நீ..."

யாரோ கதவைத் தட்டினார்கள்.

"வரேன், வரேன்!... உன்னைச் சொல்லலம்மா..."

போனைத் துண்டிக்க மறந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். ஹெல்மெட் தலையிலேயே இருந்தது. ஹாலில் கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அரை மணி நேரம் கழித்து, வராந்தாவுக்கு வந்தபோதுதான் பையில் போன் இருப்பது ஞாபகம் வந்தது.

"ஹலோ... இன்னும் லைன்லதான் இருக்கியா? எல்லாம் கேட்டுதா?... கைதட்டலா? சிரிப்பும்மா அது! மனப்பாடம் பண்ணதுல ஒரு வரி வரல... ஆமா, ரோட்டுல குழியை மூடாம எங்க தலையை மட்டும் மூடச் சொல்றது என்ன நியாயம்னு கேட்டேன் பாரு, அதுக்குத் தட்டினது நிஜக் கைதட்டல்... பாதிப் பேச்சுல விழுந்த கதையையும் உளறித் தொலைச்சேன். நம்ம சங்கத்து மீசைக்காரன் இருக்கானே, மூக்கை உறிஞ்சறான்... தீர்மானமா? தோத்துப்போச்சு. இருபதுக்கு இருபத்தொண்ணு... ஆமா, ஒரே ஓட்டு... அது யாரா இருந்தா உனக்கென்ன?... மீசைக்காரன் இல்ல... பொருளாளரும் இல்ல... ஏம்மா இப்படிக் குடையறே?"

சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

"கை தானா மேல போயிடுச்சு... ஹெல்மெட்டைச் சரி பண்ணத்தான் தூக்கினேன்னு சொல்லிப் பாத்தேன், எண்ணுறவன் நம்பல... நீயும் நம்பலையா?... சரி, யோசிச்சுத்தான் தூக்கினேன், போதுமா! என் தீர்மானத்தை நானே தோக்கடிச்சேன். உலகத்துலயே இப்படி ஒரு செயலாளர்... வேணும்னே தூக்கினேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே... என்னது? பக்கத்துல யாரு?... ஸ்பீக்கர்லயா போட்டிருக்கே?... ஹலோ?... ஹலோ?"