சாம்பார் வண்டிக்கு வழி சொன்ன கருவி

கரண்டி பிடித்த கையால் அன்னவாசலையே கட்டியாளும் மகளிர் சமையல் குழுத் தலைவி திலகவதி அவர்களே! பந்திக்குப் பந்தி பம்பரமாய்ச் சுழலும் பரிமாறும் படைத்தளபதி பிளெஸ்ஸி அவர்களே! வேன் ஓட்டும் வீரர் நாகராசு அவர்களே! பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையைப் பிடித்து முறுக்குத் தின்னும் என் மைத்துனர்களே! அனைவருக்கும் இந்தப் பெரியண்ணனின் வணக்கம்!

இந்த வாக்கி-டாக்கிக் கருவி வரும் என்று இருபது ஆண்டுகளுக்கு முன்பே சொன்னவன் நான். எங்கே? இலுப்பூர் டீக்கடையில்! கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிப்பார்கள் என்பதையும் முன்பே சொல்லியிருந்தேன்!

வாடகைக்கு எடுத்த கருவி இரண்டு. ஒன்று வேனில், ஒன்று மண்டபத்தில். வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா? கைதூக்கி முடிவெடுக்கத்தான் கூடியிருக்கிறோம். செல்போன் இருக்கே என்கிறாயா ஆவுடையப்பா? நாதஸ்வரம் முழங்கும்போது செல்போன் அடித்தால் எவன் காதில் விழும்? கையெல்லாம் சோறாய் இருக்கும்போது எவள் எடுப்பாள்? இதிலும் சிம் கார்டுதான். ஆனால் மணி அடிக்காது. நேராகக் குரலே வந்து விழும். அமுக்கினால் பேச்சு, விட்டால் பதில்! பொன்னமராவதி வரை கேட்கும். அமெரிக்கா வரை கேட்டது, நானே பேசினேன்! ஒருவர் அமுக்கியிருக்கும்வரை மற்றவர் பேச முடியாது. நம் மேடைகளுக்கே இல்லாத ஒழுக்கமய்யா அது!

போன வைகாசியில் இலுப்பூரில் ஒரு கல்யாணம். குழுவுக்குக் கிடைத்த முதல் பெரிய கல்யாணம். அறுநூறு இலை, என் கண்ணுக்கு ஆறாயிரம்! இலை விழுந்தது. சோறு விழுந்தது. சாம்பார் எங்கே? மாப்பிள்ளையின் தாய்மாமன் வெறுஞ்சோற்றை முறைக்கிறார். கருவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பந்திக்கு ஓடிய திலகவதி, கைகூப்பிச் சமாதானம் சொல்கிறார். அன்று பெயர் கெட்டால் அடுத்த கல்யாணத்தை யார் கொடுப்பார்? சாம்பார் வேனோ, பாலம் வேலைக்காகச் சாலையை அடைத்த இடத்தில் நிற்கிறது! நாகராசு அமுக்குகிறார், அமுக்குகிறார். மூன்று நிமிடம் சிக்னல் இல்லை! பிறகு பறந்தது குரல்: “அங்கிட்டுப் போகாத! கம்மாக்கரை வழியா இங்கிட்டு வா!” வந்தது வேன்! வழிந்தது சாம்பார்! நிமிர்ந்தது நம் மானம்!

என்ன திலகவதி, எழுந்துவிட்டீர்கள்?

“சிக்னல் போற சாமான் நமக்கு எதுக்கு மாமா? வர்ற வாரம் ரெண்டு கல்யாணம் இருக்கு. அன்னைக்கு மாதிரி இன்னொரு தரம் கும்புட்டுக்கிட்டு நிக்க என்னால ஆகாது. திருப்பிக் குடுத்துருவோம். கையத் தூக்குங்கடி!”

பொறுங்கள் தாய்மார்களே! கையை இறக்குங்கள்! பிளெஸ்ஸி, நீ ஏனம்மா என்னையே பார்க்கிறாய்?

“நீங்க சொல்றீங்களா மாமா, நான் சொல்லவா?”

சொல்கிறேன். சபையோரே, சிக்னல் போனது என்றேனே, அது மட்டும் நானாகச் சேர்த்தது. நாலு கோடும் நட்டமாய் நின்றன. மூன்று நிமிடமும் பொத்தானை அமுக்கியிருந்தது இந்தக் கட்டைவிரல். அறுநூறு தலையைக் கண்டதும் “அவையோர்களே” என்று தொடங்கிவிட்டேன், நிறுத்த வரவில்லை. அவ்வளவையும் வேனில் கேட்டுத் தவித்த நாகராசு, என் மரியாதைக்காக இன்றுவரை வாய் திறக்கவில்லை. கருவியைப் பிடுங்கி, வேன் நிற்கும் இடத்தைக் கேட்டு வழி சொன்னவள் பிளெஸ்ஸி.

கருவி மேல் குற்றமில்லை, திலகவதி. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக் கருவி பிளெஸ்ஸி தோளில் தொங்கட்டும். என் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது தூக்குங்கள் கையை! இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்த காதுகளுக்கெல்லாம் நன்றி கூறி, நாகராசுக்கு மட்டும் இரண்டு முறை வணக்கம் சொல்லி அமர்கிறேன்.