சிப்பாய் வீடு திரும்பினானா?

துபாய் அல் கூஸ் தொழிலாளர் முகாமின் உணவுக்கூடத்தையே அரங்கமாக்கி, அந்த அரங்கத்துக்கே அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் அவைத்தலைவர், பொறியாளர் சேதுமாதவன் அவர்களே! கராமாவிலிருந்து பஸ் பிடித்து, வர மறுத்த பிள்ளைகளையும் சேர்த்துப் பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே! 'எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள், நாற்காலியை மட்டும் உடைக்காதீர்கள்' என்று பெருந்தன்மையோடு அனுமதி தந்த முகாம் பொறுப்பாளர் ஷம்சாத் பாய் அவர்களே! வெள்ளிக்கிழமைத் துணியைத் துவைத்துப் போட்ட ஈரக் கையோடு முன்வரிசையைப் பிடித்திருக்கும் என் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் ஸ்டோர் கீப்பர் அம்மையப்பனின் அடக்கமான வணக்கம்!

யார் அங்கே சிரிப்பது? அடக்கம்தான் ஐயா, இன்று ஒருநாள் நம்புங்கள்!

ரஷ்யப் படம்! நமக்கும் ரஷ்யப் படத்துக்கும் என்ன உறவு? மாமனா? மச்சானா? தேராவில் ரஷ்ய வியாபாரிகள் வந்துபோகும் ஒரு கடையில், பழைய சோவியத் காலத்துப் படங்களை வாங்க ஆளின்றிக் கூடையில் கொட்டி வைத்திருந்தார்கள். நமது பைப் ஃபிட்டர், அரியலூர்ச் சிங்கம் சரவணகுமார், அந்தக் கூடையை அப்படியே தூக்கிவந்தார். அட்டையில் இருப்பது ரஷ்ய எழுத்து. படிக்கத் தெரிந்தவர் உண்டா? மாஃபி, ஒருவரும் இல்லை! படத்தின் அடியில் வேறு மொழி ஓடுகிறதா? அதுவும் மாஃபி! "அண்ணே, நீங்க ஊர்ல மேடையில பேசுனவராச்சே, படத்தைப் பாத்து கதையைத் தமிழ்ல சொல்லுங்கண்ணே" என்று என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். கொடுத்த மைக்கைத் திருப்பித் தருகிற ஆளா நான்?

சொன்னேன்! சிரிப்புப் படத்துக்குச் சொன்னேன், துப்பறியும் படத்துக்குச் சொன்னேன், பேசும் கரடிக்கும் பறக்கும் கம்பளத்துக்கும் சேர்த்துச் சொன்னேன்! விண்வெளிப் படம் ஒன்று போட்டோம். ராக்கெட்டுக்குள் உட்கார்ந்த மூன்று பேரும் வாயே திறக்கவில்லை. அவர்கள் பேசாமல் நான் என்ன சொல்வது? "டிக்கெட் காசைத் திருப்பிக் குடு" என்று பின்வரிசையில் ஒரு குரல். ஐயா, நாம் டிக்கெட்டே போடவில்லையே! குதிரைச் சண்டைப் படத்தில் பாலைவனத்தைக் காட்டியதும், "அட, நம்ம சைட்டு! அந்த மேட்டுலதான் நான் பைப் போட்டேன்" என்று எழுந்து நின்று விசிலடித்தீர்கள். மறுக்க முடியுமா?

அப்படி வந்ததுதான் அந்தப் போர்ப்படம். ஓர் அட்டை, உள்ளே இரண்டு டிஸ்க். முதல் டிஸ்கில் ஓர் இளம் சிப்பாய், ரயிலடியில் மனைவியின் கையை விடுவிக்க முடியாமல் விடுவித்து வண்டியேறுகிறான். பனி! பசி! பீரங்கி! இந்தக் கூடத்தில் தேநீர் ஆறியது, தேம்பல் கேட்டது. இரண்டாவது டிஸ்கைப் போட்டோம். திரையில் ஒரு குண்டு மனிதர், கல்யாண வீட்டில், வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குதித்துக் குதித்து ஆடுகிறார்!

கடைக்காரன் வேறு படத்து டிஸ்கை உள்ளே வைத்துவிட்டான். நான் விடுவேனா? மைக்கைப் பிடித்து முழங்கினேன்: "தோழர்களே, போர் முடிந்தது! சிப்பாய் வீடு திரும்பிவிட்டான்! உடம்பு தேறிவிட்டது!"

"மூக்கு வேறயா இருக்கேண்ணே?" என்றார் ஒருவர். குண்டடி பட்டு ஆபரேஷன் என்றேன். "அந்தப் பொண்ணு எங்கே?" அதோ மாவு பிசைகிறாளே, அவள்தான் என்றேன். கூரை அதிரக் கைதட்டினீர்கள்! உங்களுக்குத் தெரியாதா அது வேறு படம் என்று? எல்லோருக்கும் தெரியும்! தெரிந்தும் ஏன் தட்டினீர்கள்? நமக்கு அவன் வீடு திரும்பியாக வேண்டும், அவ்வளவுதான்.

இனி சரவணகுமாருக்கு வருகிறேன். தங்கை கல்யாணம், வீட்டு மாடி என்று ஒவ்வொன்றாகச் சொல்லி லீவைத் தள்ளிப்போட்டார் மனிதர். ஊரில் அவர் மனைவி கனகா பேச்சையே நிறுத்திவிட்டார். ஃபோனை எடுப்பார், மாமியார் கையில் கொடுப்பார், போய்விடுவார். போராடிப் பார்த்த சரவணகுமார் ஒருநாள், "படக்கதையாவது கேளு" என்று ஆரம்பித்தார். வாரம் ஒரு கதை. கரடிக் கதைக்கு 'உம்' கொட்டினார். ராக்கெட் கதைக்குச் சிரித்தே விட்டார். சிப்பாய் கதையை முழுக்கக் கேட்டுவிட்டுக் கேட்டாரே ஒரு கேள்வி!

"சண்டைக்குப் போனவனே பொண்டாட்டிகிட்ட திரும்பி வந்துட்டானாம். பைப்பு மாட்டப் போன மனுசனுக்கு வர வழி தெரியலியா?"

தாய்மார்களே, நன்றாகத் தட்டுங்கள்! மறுநாளே லீவு கேட்டு நின்றார் சரவணகுமார். ஷம்சாத் பாயும் கூடப் போய்ப் பேசி வாங்கித் தந்தார்.

அந்த நேரம் பார்த்து, நம் அவைத்தலைவரின் துணைவியார் ஜெயபாரதி அம்மையார் ஒரு காரியம் செய்தார். பக்கத்து ஃபிளாட்டில் இருக்கும், ரஷ்ய மொழி தெரிந்த தாஷ்கண்ட் பெண்மணியிடம் சொல்லி, அந்தப் போர்ப்படத்தின் உண்மையான இரண்டாவது டிஸ்கை வரவழைத்துவிட்டார்! முடிவு என்ன என்று கேட்டால் அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

சரவணகுமார் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "அண்ணே, நான் ஊரு போயி சேர்ற வரைக்கும் இதைப் போடாதீங்க. அவன் செத்துட்டான்னா எனக்குப் பிளேன் ஏறக் கால் வராதுண்ணே."  போடவில்லை தோழர்களே! காத்திருந்தோம். இன்று காலை விமானமேறினார். நல்லபடியாகப் போய்ச் சேரவேண்டுமே என்றுதான் இவ்வளவு நேரமாய் நானும் பேச்சை இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

என்ன ஷம்சாத் பாய்? ஃபோனா? யல்லா, யல்லா, மைக்கிடம் கொண்டுவாருங்கள்! சத்தம் போடாதீர்கள்! சொல்லும்மா கனகா, ஒரு கூடமே கேட்டுக்கொண்டிருக்கிறது!

"அண்ணே... வந்துட்டாருண்ணே. டிஸ்க் மாறுன கதையெல்லாம் சொல்லிட்டு, உள்ள சாப்புட்டுக்கிட்டு இருக்காரு. இப்ப அந்தப் படத்தைப் போடுங்க. என்ன முடிவா இருந்தாலும் மறைக்காம எனக்குச் சொல்லணும். இனிமே நான் தாங்கிக்குவேன்."

கேட்டீர்களா! கத்துங்கள்! ஷம்சாத் பாய், இன்று ஒரு நாற்காலி போனால் போகட்டும்!

அந்தச் சிப்பாய் பிழைத்தானோ, பனியிலே புதைந்தானோ, நானறியேன். ஆனால் நம்மில் ஒருவன் வீடு சேர்ந்துவிட்டான். அந்தத் தெம்பில் எந்த முடிவையும் பார்க்கலாம். இன்று இட்டுக்கட்ட மாட்டேன். திரையில் நடப்பதை நடந்தபடியே சொல்வேன், அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல்வேன். காத்திருந்த உங்களுக்கும், அங்கே காத்திருந்த கனகாவுக்கும் கைகூப்பி நன்றி, வணக்கம்!

விளக்கை அணையுங்கள்.