மேனாம்பேட்டில் முதல் இடம்

பத்தொன்பது மணி நேரம்தான். எங்கள் மேனாம்பேட்டில் மளிகைக் கடைக்காரர் மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போனால் இதைவிட அதிக நேரம் கடை மூடியிருக்கும்.

பேசச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். எனக்குப் பேச வராது என்றதும் தாளைக் கொடுத்தீர்கள். நன்றி. நான் பி.எஸ்ஸி. வேதியியல். கல்லூரி வாய்மொழித் தேர்வில் சோடியத்தின் குறியீட்டைக் கேட்டபோது, விடை தெரிந்தும் அழுதவள். மனிதர்களோடு பேசத் தேவையில்லாத வேலையாகத் தேடி இதைப் பிடித்தேன். ஆவடியில் ஒருவர் மாவு மிஷன் என்று போனில் தேடினால், வரைபடத்தில் எந்த மிஷன் முதலில் வர வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற வேலை. வீட்டில் விளக்க முயன்று விட்டுவிட்டேன். கம்ப்யூட்டர் வேலை என்று அம்மா சொல்லிக்கொள்கிறாள்.

வேலையில் நான் கெட்டி. ஐயப்பன்தாங்கலை ஆங்கிலத்தில் ஏழு விதமாகத் தப்பாக எழுதுவார்கள். ஏழையும் கடைக் குறிப்பில் சேர்த்துவிடுவேன். வாடிக்கையாளர் பாராட்டுகளையும் நானே எழுதுவேன். நேரில் யாரையும் அண்ணாத்தே என்று கூப்பிடும் தைரியம் எனக்குக் கிடையாது. "நம்ம அண்ணாத்தே கட, சர்வீஸு சும்மா அள்ளுது" என்று துலுக்கானம் என்ற பெயரில் மட்டும் அளந்துவிடுவேன். துலுக்கானம் பூந்தமல்லி வட்டாரத்தில் பதினேழு கடைகளில் திருப்தி அடைந்திருக்கிறார். எனக்கு நண்பர் என்று இருப்பது அவர்தான்.

டில்லிபாபு குமணன்சாவடிக்காரர். வீட்டில் இருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் தருகிறவர். அம்பத்தூர்ப் பக்கத்து அழைப்புகளும் தனக்கே வர வேண்டும் என்றார். மூன்று மாதம் முயன்றேன். ஆனால் அந்தப் பக்கத்தில், எங்கள் மேனாம்பேட்டில் நின்று தேடினால் முதலில் வந்தது அப்துல் ரசாக் என்பவரின் சிலிண்டர் கடை. அவர் அதற்காக ஒன்றுமே செய்யவில்லை. கடையின் பெயரில்கூட எழுத்துப்பிழை. பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான். வரைபடத்தில் எதை வேண்டுமானாலும் பொய்யாகச் சொல்லலாம். தூரத்திடம் மட்டும் நம் வித்தை பலிக்காது.

டில்லிபாபுவின் அழைப்பை நான் எடுக்க மாட்டேன் என்று தெரிந்து, அவர் குரலைப் பதிவுசெய்து அனுப்புவார்.

"இன்னாம்மா, மூணு மாசமா இன்னா பண்ணிகினு கீற? பாய் கட இன்னும் மேலயே குந்திகினு கீது. உன்னால ஆவாதுன்னா சொல்லிடு, வேற ஆள பாத்துக்கறேன்."

அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்டேன். அப்போதும் வலித்தது. நான் உருப்படியாகச் செய்கிற ஒரே காரியத்தில் ஆவாது என்கிறார்.

முதல் இடத்துக்கு இரண்டு வழி உண்டு. நாம் ஏறுவது ஒன்று. மேலே இருப்பவர் இல்லாமல் போவது இன்னொன்று.

ரசாக் பாய் வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகைக்குப் போவார். ஷட்டரை இறக்கி, 'தொழுகை. 2.30க்கு வருவேன். அவசரம் என்றால் போன் செய்யவும்' என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டுப் போவார். நான் படம் எடுத்தேன். அட்டை இருந்த பக்கத்தை வெட்டினேன். படம் பார்க்க இன்னும் நன்றாகவே இருந்தது. அதைச் சாட்சியாக வைத்து, 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று திருத்தம் அனுப்பினேன். நாலு வருடமாக பஸ் நிறுத்தங்களின் பெயர்ப் பிழைகளைச் சும்மாவே திருத்தி வந்தவள் என்பதால் வரைபடத்துக்கு என்மேல் அபார மரியாதை. உடனே ஏற்றுக்கொண்டது. மூடிய கடைக்கும் சிலர் போன் போட்டுப் பார்ப்பார்கள். அதனால் கடையின் எண்ணை எடுத்துவிட்டு, என் பழைய சிம்மின் எண்ணைப் போட்டேன். எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

அப்போது மணி இரண்டு. இரண்டரைக்குப் பாய் வந்து அட்டையைக் கழற்றினார், கடையைத் திறந்தார். தன் கடை நிரந்தரமாக மூடப்பட்ட செய்தி அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் டில்லிபாபுவின் குரல் வந்தது. "சூப்பரும்மா. பாய் கடய காணவே காணோம். இன்னா மந்திரம் போட்ட நீ?" இதைச் சாதாரண வேகத்தில் நான்கு முறை கேட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கரண்ட் போனது. கிஷோர் நாகர்கோவில்காரர், இங்கே குடிவந்து ஒரு வாரம். அவருடைய அம்மா ஞானம்மாளுக்கு வீட்டில் ஆக்சிஜன் மிஷன் ஓடும். கரண்ட் இல்லையென்றால் சிலிண்டர். அது தீரும் நிலையில் இருந்தது. பழைய ஆளாக இருந்தால் தெருவில் யாரையாவது கேட்டிருப்பார். புதியவர், போனைக் கேட்டார். ரசாக் பாய் கடை அவருடைய ஃப்ளாட்டிலிருந்து இரண்டு தெரு. போன் அவரைப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குமணன்சாவடிக்கு அனுப்பியது. டில்லிபாபு உடனே சிலிண்டரைக் கொடுத்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. கிஷோர் திரும்பி வந்தபோது ஞானம்மாள் இறந்திருந்தார்.

ஒன்பது மணிக்கு நான் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டேன். ஏன் என்று கேட்டீர்கள். மனசு கேட்கவில்லை என்றேன். அந்த அம்மா இறந்தது உனக்குச் சாயங்காலம்தானே தெரியும், காலையிலேயே மனசு எப்படிக் கேட்காமல் போனது என்று அடுத்துக் கேட்டீர்கள். நல்ல கேள்வி, மேடம்.

பழைய சிம் மேஜை டிராயரில் கிடந்தது, அழைப்பு வந்ததே தெரியாது என்று நேற்று சொல்லியிருந்தேன். நாற்பத்தோரு நொடி பேசியதாகப் பதிவு இருக்கிறது என்கிறீர்கள். டிராயர் அவ்வளவு நேரம் பேசாது.

எடுத்துவிட்டேன். தெரியாத எண்ணை நான் எடுத்தது அதுவே முதல் முறை.

"அக்கா, ரசாக் கடையா? எங்க அம்மைக்கு மூச்சு முட்டுது. மேப்புல மூடியாச்சுன்னு போட்டிருக்கு. கட உண்டா இல்லியா, அத மட்டும் சொல்லுங்கக்கா."

என் விலாசத்தை இன்னொரு முறை பாருங்கள். எங்கள் வீடு மாடியில், ரசாக் பாய் கடைக்கு நேர் எதிரே. ஜன்னல் திறந்திருந்தது. பாய் ஷட்டரை ஏற்றிவிட்டு, நிறைந்த சிலிண்டர்களை ஒவ்வொன்றாக உருட்டி வந்து வாசலில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

எனக்குக் கொஞ்சமும் திக்கவில்லை.

"கடைய மூடிட்டோம்ண்ணா," என்றேன். "குமணன்சாவடிக்குப் போயிடுங்க."