காயாத பியானோ

– இத பாரு கண்ணையா, இத பாரு! சும்மா ஒரசிக்கினு நடந்தேன், புதுச்சேலை முந்தானை பச்சையா பூடுச்சு. கார்த்திகையில அடிச்ச பெயிண்டு, மாசி பொறந்தும் கையில ஒட்டுது. இது பியானோ பொட்டியா, பலாப்பழமா?

– நான் என்னாம்மா பண்ணுவேன்? திண்டிவனத்துல ஓடற லாரிங்கள்ல பாதி நான் அடிச்சதுதான். இன்னிக்கு அடிச்சா நாளைக்கு லோடு ஏத்திக்கினு போய்க்கினே இருக்கும். இந்தப் பொட்டிதான் என் மானத்த வாங்குது.

– லாரி அடிக்கறவன்னு பாத்தாலே தெரியுதே! நடுவுல தாமரைப்பூ, ரெண்டு பக்கமும் கிளி. 'ஆரன் அடி'ன்னு எழுதாம வுட்டியே, அந்த மட்டும் புண்ணியம்.

– கிளி மொதலாளி கேட்டதும்மா.

– என்னாங்க, நீங்களா கிளி கேட்டீங்க?

– ஆவட்டும் கெங்கம்மா. கிளி நல்லாத்தான் இருக்குது. மழையில அடிச்சது, உள்ள ஈரம் இருக்கும். நாலு வெயில் பட்டா காஞ்சுடும்.

– கார்த்திகையில மழைன்னீங்க. மார்கழியில பனின்னீங்க. தையில மில்லுத் தூசின்னீங்க. இப்ப வெயிலுக்கு இன்னா கொறைச்சல்? ஈ வந்து ஒட்டிக்கினு சாவுது. நம்ம கடலெண்ணெ மில்லுலேர்ந்து மல்லாட்டைத் தோலு பறந்து வந்து பொட்டிக்குத் தாடி மொளைச்சிருக்குது! நாளைக்கு விழுப்புரத்துலேர்ந்து எங்க அண்ணன் வருது. அதுக்கு என்னா பதில் சொல்றது?

– எல்லாம் ஒங்கண்ணன் போட்ட கண்டிசனால வந்தது. வாசிக்கறதுக்குப் பெயிண்டு எதுக்கு? நம்ம பொண்ணு காந்திமதி கை வெச்சா பழைய பொட்டியே பேசிக்கினு இருந்துச்சு.

– இப்ப பேசச் சொல்லுங்களேன்! மூடி ஒட்டிக்கினு தொறக்கவே ரெண்டு பேரு வேணும். அண்ணன் சொன்னதுல என்னா தப்பு? பிரெஞ்சுக்காரன் பாண்டிய வுட்டுப் போனப்ப ஏலத்துல எடுத்த கெழட்டுச் சாமான். பாலீசு போயி, சொறி புடிச்ச மாடாட்டம் நின்னுச்சு. பொண்ணுக்குச் சீருன்னு விழுப்புரத்துல நாலு பேரு பாக்க எறக்கணுமில்ல? 'பொட்டியப் புதுசாக்கிட்டு சேதி அனுப்பு, அன்னிக்கே நாளு குறிச்சுடலாம்'னு சொல்லிட்டுப் போச்சு. தை முகூர்த்தம் பூடுச்சு. மாசியும் போவப்போவுது. என் பொண்ணுக்குக் கல்யாணம் நடக்குமா, நடக்காதா?

– பொண்ண ஒரு வார்த்தை கேட்டியா?

– அவளை என்னா கேக்கறது? தாய்மாமன் மவன், மொறை மாப்பிள்ளை. அவ பொறந்தன்னிக்கே பேசி வெச்சது. நீங்களும்தான் சபையில தலையாட்டிட்டு வந்தீங்க.

– ஆட்டுனேன். அப்ப அவன் டவுசர் போட்டுக்கினு இருந்தான்.

– இப்ப மட்டும் என்னா கெட்டுப் போச்சு? சனிக்கெழமையில பாண்டிக்கு ரயிலேறறான், அதானே? மதுவெலக்குன்னு இங்க கடை இல்ல, அங்க இருக்குது, ஆம்பளைப் புள்ள போறான். கால்கட்டு போட்டா அடங்கிடுவான். பேச்ச மாத்தாதீங்க. கண்ணையா, நீ சொல்லு. இதுல என்னாத்தக் கலக்குன?

– பெயிண்டும் எண்ணெயுந்தாம்மா.

– என்னா எண்ணெ?

– மொதலாளி குடுத்த எண்ணெ.

– மொதலாளி குடுத்ததுன்னா?

– நம்ம மில்லு எண்ணெதாம்மா. ஆளிவிதை எண்ணெ வாங்கியாறேன்னுதான் நான் சொன்னேன். 'வூட்டுல எண்ணெ ஆறா ஓடும்போது கடைக்கு எதுக்குடா போற'ன்னு மொதலாளிதான் டின்னைத் தூக்கிக் குடுத்தாரு. தையில ரெண்டாங் கோட்டு அடிக்கச் சொன்னப்பவும் அதே டின்னுதான். இன்னும் தாராளமா ஊத்துன்னாரு.

– மல்லாட்டை எண்ணெயா! அட என் தலையெழுத்தே! பெயிண்டுல மல்லாட்டை எண்ணெய ஊத்தி வெச்சுட்டு வெயில் படலன்றீங்களா? என் அடுப்பங்கரையில எண்ணெ டின்னு நிக்கற எடத்துல கைய வெச்சுப் பாருங்க. எத்தினி வருசமானாலும் பிசுபிசுன்னு ஒட்டும். கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?

– ஆவட்டும், ஆவட்டும்.

– என்னா ஆவட்டும்? எதைச் சொன்னாலும் ஆவட்டும்! ஒங்களோட கத்திக் கத்தி என் தொண்டை வத்திப்போச்சு. கண்ணையா, ஜல்தியா போயி கெரசினும் கந்தல்துணியும் கொண்டா. சுத்தமா தொடைச்சு எடுத்துட்டு, அந்த ஆளிவிதை எண்ணெயையே வாங்கி மறுபடி அடி. எப்ப காயும்?

– ரெண்டே நாளும்மா. புதுப் பொண்ணாட்டம் நிக்கும்.

– அப்ப போ. நிக்காத.

– மொதலாளி... போவட்டுமா?

– நீ போயி மில்லுல குந்து கண்ணையா. நான் கூப்புடறேன்.

– அவனை ஏன் தடுக்கறீங்க? இன்னிக்கே அடிச்சுட்டா நாளைக்கு எங்க அண்ணன் கிட்ட, 'பங்குனியிலியே முடிச்சுடலாம்'னு சொல்லிடலாமே?

– சொல்லாத.

– ஏன்?

– ஐப்பசியில சரக்கு விசயமா விழுப்புரம் போயிருந்தேனில்ல? டேசன்ல பாண்டி ரயிலு வந்து நின்னுச்சு. ஒங்கண்ணன் மவன ரெண்டு போர்ட்டருங்க தூக்கியாந்து பிளாட்பாரத்துல போட்டாங்க. பட்டப்பகல்ல. சட்டையெல்லாம் வாந்தி. குனிஞ்சு கூப்புட்டேன். என்னை யாருன்னே தெரியல அவனுக்கு.

– கடவுளே...

– வூட்டுக்கு வந்தேன். காந்திமதி இந்தப் பொட்டியில வாசிச்சிக்கினு இருந்தா. என்னைப் பாத்ததும் நிறுத்திட்டுக் கேட்டா, 'அப்பா, மாமா வூட்டுக்குத்தான் நான் போவணுமா'ன்னு.

– அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?

– சொன்னா, ஒங்கண்ணன எதுத்து நீ பேசியிருப்பியா? இல்ல, சபையில குடுத்த வார்த்தைய வாணாம்னு நான்தான் சொல்ல முடியுமா?

– அது சரி, அதுக்கும் இந்தப் பாழாப்போன பெயிண்டுக்கும் என்னா சம்பந்தம்? பண்ணது கஞ்சத்தனம், இப்ப அவன் குடிய இழுத்து மூடி மறைக்கறீங்களா?

– கெங்கம்மா, பொறந்ததுலேர்ந்து எண்ணெயிலயே பொழைக்கறவன் நானு. மல்லாட்டை எண்ணெ கலந்தா பெயிண்டு காயவே காயாதுன்னு எனக்குத் தெரியாதா?