செருப்பைக் கழற்றும் இடம்

— சனிக்கெழம ஏரி, ஞாயித்துக்கெழம பாறை. அம்புட்டுத்தான? இதுல ஒனக்கு என்னடா இழுவை? செருப்பக் கழட்டு மொதல்ல, எல்லைக்கல்லு வந்துருச்சு.

— கழட்டுறேன் மாமா. கொடைக்கானல்ல ரூமு சொல்லியாச்சு. எங்க ஜீப் ஸ்டாண்டு ஆளோட காட்டேஜ். ஜன்னலத் தொறந்தா லேக்தான். ரெண்டு பேருக்குச் சொல்லிருக்கேன்.

— யாரு பேருல?

— ஷர்மிளா பேருல. கூட வீட்டுக்காரரு சண்முகராஜ்னு.

— வீட்டுக்காரரா! எம் மகனுக்குன்னு வெத்தல பாக்கு மாத்துன புள்ள. ராத்திரியோட ராத்திரியா மலையிறங்கிப் போயி ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டா. இப்ப பழனி அடிவாரத்துல அந்த வேத்துச்சாதிக்காரன் கடையில உக்காந்து பஞ்சாமிர்தம் அடைச்சுக்கிட்டு இருக்கா. இவரு, கூடப் பொறந்த அண்ணன், வீட்டுக்காரருங்கிறாரு.

— விடுண்ணே. பாதையப் பாத்து நட. நேத்து மழையில எல்லாம் பாசியாக் கெடக்கு. வேலு, ஒன் தங்கச்சி என்னடா சொன்னா? நம்பிட்டாளா?

— நம்பிட்டாம்மா. "அம்மா கோவம் ஆறிருச்சாண்ணே"ன்னு கேட்டுட்டு அழுதா. அப்புறம் ஒரே கேள்வி. ரூமுல சுடுதண்ணி வருமா, அவருக்குக் குளிரு ஆகாதே, ஸ்வெட்டர் வாங்கணுமா, ஏரியில போட்டிங் இருக்குமான்னு.

— போட்டா?

— அவ ஏறுனதே இல்லையாம்மா. பொறந்து வளந்தது இந்த மலை, டவுன்ல ஏரியச் சுத்தி அம்புட்டுத் தடவ போயிருக்கா, ஒரு தடவ கூட ஏறலையாம். நான் தெனமும் எத்தன பார்ட்டிய அங்க கொண்டு போயி எறக்கி விடுறேன். எனக்கே உறைக்கல.

— நாந்தான் ஏத்தல. பூண்டு மூடையோட சந்தைக்குப் போறப்ப அவளையும் கூட்டிட்டுப் போவேன். வேலிக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு வர மாட்டேன்னு நிப்பா. பஸ்ஸு போயிரும்னு முதுகுல ஒண்ணு வச்சு இழுத்துட்டு வருவேன்.

— சரி, சனிக்கெழம ஏறிக்கட்டும். யாரு வேணாங்குறா? ஆத்தாளும் மகனும் ஏரிக் கதை பேசவா என்னைய இம்புட்டுத் தூரம் நடக்க விட்டீக? வெரசா வாங்க. இருட்டுறதுக்குள்ள எடத்தக் காட்டிட்டு நான் தோட்டத்துக்குப் போகணும். தண்ணி பாச்சுற சோலி கெடக்கு.

— மாமா, அவங்க எப்படி வரணும்? கார்ல வந்தா இ-பாஸ் எடுக்கணும்.

— பஸ்ல வரச் சொல்லு. ஊரு சுத்திப் பாக்க அவுகளாத்தான் வந்தாக, நாம கூப்புடலன்னு இருக்கணும். ஞாயித்துக்கெழம வெள்ளனே ஒன் ஜீப்புல ஏத்து. கொலசாமிக்குப் பொங்கல்னு சொல்லு. ரோடு முடியுற எடத்துல எறக்கி, இந்த ஒத்தயடிப் பாதையில நடத்திக் கூட்டியா. எல்லைக்கல்லுகிட்ட என்ன செய்வ?

— செருப்பக் கழட்டச் சொல்லுவேன்.

— அங்கதான்டா இருக்கு விஷயமே! செருப்புக் கால் படக்கூடாதுங்குறது நம்ம ஊருக்கு இன்னைக்கு நேத்து வந்த வழக்கமா? கலெக்டரே கழட்டி கையில தூக்கிக்கிட்டு வந்தாருங்குறது எல்லாருக்கும் தெரியும். பழனியில டைல்ஸ் தரையில நடந்த காலு. பாறையும் தெரியாது, பாசியும் தெரியாது. வெறுங்காலோட வந்தான், வழுக்குனான், போனான். போலீசு வந்தா எல்லைக்கல்லுகிட்ட அவன் ஷூ கெடக்கும். அது சொல்லிரும் சாட்சி.

— சாமி வழக்கத்த வச்சே ஆள முடிக்கிறதா, மாமா?

— சாமி மானத்துக்காகத்தான்டா செய்யிறோம். இந்தா, வந்துருச்சு. ஈரப்பாறை. கீழ எட்டிப் பாக்காத, ஒனக்குக் கெறக்கம் வந்துரும். ஒன் காலும் டவுன் காலாப் போச்சு, தள்ளியே நில்லு.

— அண்ணே, எனக்குச் சரியாப் புரியல. ஆரு ஆரு எங்க நிக்கணும்?

— வேலு முன்னாடி போவான். அவன் நடுவுல. நான் பின்னாடி. ஏலே, டூரிஸ்ட்டுக இந்த மாதிரி எடத்தப் பாத்தா என்ன செய்வாக?

— போட்டோ எடுப்பாங்க. சொன்னாலும் கேக்காம ஓரத்துக்குத்தான் போவாங்க.

— அம்புட்டுத்தான். "மச்சான், இங்கன நின்னு ஒரு போட்டோ எடுங்க"ன்னு வாய் நெறயச் சொல்லு. மத்ததுக்கு இந்தக் கை போதும்.

— ஷர்மி அப்ப எங்க நிப்பா?

— அவன் பக்கத்துலதான். விட்டுட்டா நிப்பா?

— அவ பாத்துருவாளே மாமா.

— பாப்பா.

— பாத்தா வெளிய சொல்லுவா.

— எங்க சொல்ல? சொல்லுறதுக்கு இருந்தாத்தான?

— மாமா!

— என்னடா மாமா?

— அவன் மட்டும்னுதான சொன்னீங்க! என் தலையில கை வச்சு சத்தியம் பண்ணீங்க! "தங்கச்சிய வீட்டுக்குக் கூட்டியாந்துருவோம்"னு சொன்னதாலதான் நான் போன எடுத்தேன். சிரிச்சுப் பேசி வரச்சொன்னேன்!

— கூட்டியாந்து? ஆறு மாசமா அவன் கூடப் படுத்து எந்திரிச்சவள எம் மகனுக்குக் கட்டிக் குடுக்கவா? ஏலே, சட்டைய விடு. என் சட்டையவா பிடிக்கிற? கைய ஒடிச்சு இதே பள்ளத்துல எறிஞ்சுருவேன்.

— ஒடிங்க! ஒடிச்சுப் பாருங்க!

— எடு கைய! பொட்டப் பய. ஒரு அறைக்கு ஒதட்டுல ரத்தம் வந்துருச்சு, நீயெல்லாம் என்னைய எதுக்குறியா? ஒங்கப்பன் செத்த நாளுலருந்து இந்தக் கை போட்ட சோறுடா நீ தின்னது. காளி, மகனுக்குச் சொல்லி வையி. இல்லன்னா கணக்குல மூணு பேராயிரும்.

— வேலு, விடுடா மாமன. நாந்தான் சொல்றேன்ல, விடு. முந்தானைய இந்தா, ஒதட்டத் தொட. அண்ணன் சொல்றதுதான் சரி.

— அம்மா, நீயுமா?

— வாய மூடு. அண்ணே, அவன் கெடக்கான். எனக்கு ஒண்ணுதான் சந்தேகம். பழனிக்காரன் சரி, வழுக்கிட்டான்னு நம்புவாக. எம் மக இந்த மண்ணுல வெறுங்காலோட ஓடுனவ. அவ வழுக்குனான்னா நம்புவாகளா?

— ஜோதிமணி வழுக்குனத நம்புனாகள்ல?

— ஜோதிமணியா?

— நம்ம தங்கச்சிதான். அவளும் இங்க ஓடுனவதான? தாண்டிக்குடி காப்பித் தோட்டத்துக்காரனோட போறேன்னு துணிய மூட்ட கட்டுனவதான? ஒரு பய கேட்டானா?

— நீ அழுதுக்கிட்டே ஓடி வந்த அண்ணே. "ஜோதி வழுக்கி விழுந்துட்டா"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு வந்த. நாந்தான் ஒனக்குத் தண்ணி குடுத்தேன்.

— ஆமா. அழுதேன். அழுகாம வந்தா நம்புவாகளா? வேலு, ஒனக்கும் இதுதான் பாடம். முடிஞ்ச ஒடனே அழுதுக்கிட்டே ஊருக்குள்ள ஓடணும்.

— மாமா... சித்தியவும் நீங்கதானா?

— பின்ன பேயா வந்து தள்ளுச்சு? இத்தன வருசமா ஒங்காத்தாளுக்குத் தெரியாமயா இருக்கும்? தெரிஞ்சும் வாயத் தொறக்கல பாரு, அதுதான் குடும்பத்துப் பொம்பள.

— சந்தேகமாத்தான் இருந்துச்சு. உன் வாயால இன்னைக்குத்தான் கேக்குறேன். ஒடனே விழுந்துட்டாளாண்ணே?

— எங்க? அவளுக்குத்தான் பூன மாதிரி காலுல்ல? அந்தா, அந்த வேரப் பிடிச்சுத் தொங்குனா. "அண்ணே, அண்ணே"ன்னு ஒரே கத்து. இந்தா, கையில இருக்க இதே அருவாப் பிடியால வெரல்ல ஒரு தட்டு. அதுக்கும் விடல. இன்னொரு தட்டு. வெட்டக் கூடாது, வெட்டுக்காயம் தெரிஞ்சுரும். தட்டணும். சோலி முடிஞ்சுச்சு.

— எந்த வேரு?

— கண்ணு தெரியலையா? கீழ, பாறை மடிப்புல.

— தெரியலண்ணே. அவ எங்க நின்னான்னும் தெரியல. எடத்தப் பாத்துட்டாத்தான் எனக்கு மனசு ஆறும். ஞாயித்துக்கெழம எம் மகளுக்கு நானே செய்யணும்னாலும் செய்யணும்ல.

— அடி என் தங்கச்சி! இப்பத்தான்டி நீ எங்கப்பன் பெத்தவ. தள்ளு, காட்டுறேன்.

— பாத்துண்ணே, ஈரமா இருக்கு. அருவாவ எங்கிட்ட குடு, கைய ஊனி நில்லு.

— எனக்கு வழுக்குமா? இந்தா பிடி. பாருடா வேலு, ஊருக்காரன் காலு எப்படிப் பாறையக் கவ்வுதுன்னு. இந்தா, இங்கனதான் நின்னா ஜோதி. மூஞ்சி அங்கிட்டு. அந்த வேரு தெரியுதா இப்ப? நான் அவளுக்குப் பின்னாடி, இப்ப நீ நிக்கிற எடத்துல...

— இங்கனயா?

— ஆமா, அங்கனதான். காளி, ரொம்ப ஒட்டாத. காளி! ஏய்!

— அம்மா! அய்யோ, அம்மா!

— கத்தாத. ஓரத்துக்கு வராத, நீ வழுக்கிருவ.

— தள்ளிட்டியேம்மா! மாமா! மாமா!

— ஏலே வேலு! இங்கன இருக்கேன்டா! வேரு... வேரப் பிடிச்சிருக்கேன்! கையக் குடுடா! காலு ஊன எடமில்ல!

— படுத்துக்கிட்டு கைய நீட்டுனா எட்டும்மா. எட்டிரும்.

— எட்டும். குடுக்கணும்னா குடுடா. நான் தடுக்கல. உனக்குச் சோறு போட்ட கைதான் அது. எனக்குக் கூடப் பொறந்த கை.

— அம்மா...

— ஒண்ணு மட்டும் கேட்டுட்டுக் குடு. எம் மகள என்ன செய்வாருன்னு.

— மாமா! ஷர்மிய விட்டுருவீங்களா?

— விட்டுர்றேன்டா! சாமி சத்தியமா! அவள ஒண்ணும் பண்ண மாட்டேன்! ஒன் தங்கச்சி எனக்குப் பொண்ணு மாதிரிடா! கையக் குடு!

— சண்முகராஜ?

— என்னது?

— அவ வீட்டுக்காரர. அவர விட்டுருவீங்களா?

— வேரு பிய்யுதுடா! கையக் குடு!

— சொல்லுங்க மாமா. விட்டுருவேன்னு சொல்லுங்க, குடுத்துர்றேன். உங்க கையப் பிடிச்சு மேல தூக்குறேன். ஒரு வார்த்த சொல்லுங்க.

— தொங்குறவன்கிட்டயா பேரம் பேசுற, எச்சக்கல நாயே! தூக்குடா மொதல்ல! மேல வந்து வச்சுக்கிறேன் ஆத்தாளுக்கும் மகனுக்கும்! அந்த ஈனப்பய ரத்தத்த இந்தப் பாறையில தெளிக்காம நான் சாக மாட்டேன்டா! கேட்டுச்சா? சாக மாட்டேன்!

— கேட்டுச்சு மாமா.

— வேலு, நீ தள்ளிக்க. நான் செய்யுறேன்.

— வேணாம்மா. நீ உன் பங்கச் செஞ்சுட்ட. அருவாவக் குடு.

— இந்தா. பிடியால தட்டு.

— வேலு! மருமகனே! டேய்! வெரலு! அய்யோ வெரலுடா! காளி! தங்கச்சி! தங்கச்சி...!

— அம்மா. அம்மா, விழுந்த சத்தமே கேக்கல.

— கேக்காது. ஆழம் அம்புட்டு. ஜோதி விழுந்தப்பவும் கேட்டுருக்காது. அருவாவ எங்கிட்ட குடு. ஒதட்டுல இன்னும் ரத்தம் வருது, தொட.

— இப்ப நான் என்னம்மா செய்யணும்?

— ஊருக்குள்ள ஓடு. அழுதுக்கிட்டே ஓடணும். மாமன் வழுக்கி விழுந்துட்டாருன்னு சொல்லு. ஒதட்டக் கேட்டா, எட்டிப் பிடிக்கப் போயி பாறையில மோதிட்டேன்னு சொல்லு. எல்லைக்கல்லுகிட்ட அவரு செருப்புக் கெடக்கும். அத யாரும் எடுக்க வேணாம்னு சொல்லிரு. போலீசு வந்து பாக்கட்டும்.

— நீ?

— நான் இங்கன உக்காந்து அழுகுறேன். பொய்யா அழ வேண்டியதில்லடா. எங்கண்ணன்தான போனாரு. சின்னதுல என்னையும் ஜோதியவும் ரெண்டு தோள்லயும் தூக்கிட்டு இந்தப் பாறையத் தாண்டுனவரு.

— அம்மா, அந்த ரூமு. கேன்சல் பண்ணிறவா?

— எதுக்கு? தாய்மாமன் துட்டிக்கு அவ வராம இருப்பாளா? புருசனையும் கூட்டிக்கிட்டு வரட்டும். வந்துட்டுப் போறப்ப அந்த ரூமுல தங்கட்டும். ஏரியில போட்டு மட்டும் நாலு பேருக்குச் சொல்லி வையி, நானும் ஏறுனதில்ல.