சவ்வின் கதவு

இந்த அறையின் மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். சத்தம் எனக்குத் தொந்தரவில்லை ஐயா. கெட்டுப்போன பொருளைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார எனக்கு வராது, அவ்வளவுதான்.

என் தங்கையை வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்து, கடைசியில் இமை மட்டும்தான் அவள் பேச்சைக் கேட்டது. ஒரு முறை மூடினால் சரி, இரண்டு முறை மூடினால் வேண்டாம். அந்த ஏற்பாட்டைச் செய்தவனும் நான்தான். டாக்டர் கையை விரித்துவிட்டார். அம்மா அவள் தலையணையைத் திருப்பிப் போட்டபடி, "இருக்கற வரைக்கும் இருக்கட்டும்டா. நீ எதையாவது பண்ணித் தொலைக்காதே," என்றாள். அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. செல்லைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அயனிகள் அதைத் தாண்டிப் போய்வந்தால்தான் நரம்பு பேசும். பாஸ்பேட் துணுக்குகளை மணிமாலை மாதிரி கோத்த சங்கிலி ஒன்று இருக்கிறது. கரிமம் கலக்காதது, கல்லுக்கும் உப்புக்கும் பங்காளி. அதில் ஒரு சொட்டை எடுத்துச் செல்லின்மேல் விட்டால் சவ்வின் கதவுகள் திறந்து கால்சியம் உள்ளே பாயும். நாங்கள் போட்ட சாயத்தில் செல் பச்சையாக ஒளிரும். ஊமையாகக் கிடந்த நரம்பு செல் அப்படி ஒளிர்ந்ததைப் பார்த்து அன்று அழுதுவிட்டேன்.

மறுநாள் காலை, செல்களை வளர்த்த அந்தத் தட்டில் எல்லாமே செத்துக் கிடந்தன. கால்சியம் அளவுக்கு மீறி நிரம்பினால் செல் சாகும். சாவதற்கு முன்தான் அதிகம் ஒளிரும். தெரியும் ஐயா. தட்டு வேறு, உடம்பு வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மா கடைக்குப் போயிருந்தபோது அந்தச் சங்கிலிக் கரைசலை ஏற்றிய ஊசியோடு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்காமல் செய்யவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

"போடட்டுமாடி வாயாடி?"

மூடித் திறந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது, போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் விரல் துடித்தது. "பாத்தியா, அசையுது," என்றேன். அதற்குப் பிறகு எதுவும் அசையவில்லை. அம்மா திரும்பி வரும் வரை அந்த விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நான்தான் கொன்றேன். அதில் வாதமில்லை. சம்மதமில்லாமல் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு முறை மூடினாள், கண்ணாரப் பார்த்தேன். உடனே இன்னொரு முறையும் மூடினாள்தான். கண் என்றால் இமைக்கத்தானே செய்யும்.