ருசி பார்க்காத சம்பால்

கிட்ட வந்து உட்கார், ஷீலா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள், எனக்குச் சத்தமாகப் பேச வராது. தேத்தண்ணீரில் சீனி குறைவு, பொறுத்துக்கொள். வீட்டிலேயே கேக் சுட்டு விற்கப் போகிறேன், ஆசி கொடுங்கள் என்று வந்திருக்கிறாய். வெறுங்கையோடு அனுப்பமாட்டேன். அதற்கு முன்னால் ஒரு கதை சொல்கிறேன், கேள். இதே கோலா கெத்திலில், இந்த அடுப்படியில் நடந்தது.

என் மகள் நளினி பினாங்கில் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்தபோது ஊர் சிரித்தது. எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். அவள் அப்பா போன பிறகு நான் தனியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தனியாகச் சாப்பிடுகிறவளுக்கு உப்பு உறைப்பு தெரியாது, அம்மா. தட்டு காலியாகும், அவ்வளவுதான்.

நளினி சைவச் சாப்பாடு சமைத்துப் பொட்டலம் கட்டி விற்றாள். போனில் சொல்லிவிட்டு வாசலில் வந்து வாங்கிப் போவார்கள். தைப்பூச விரதக் காலத்தில் அடுப்புக்கு ஓய்வே இருக்காது. நெத்திலியும் பிளாச்சான் இறால் விழுதும் இல்லாமல், மிளகாய் அரைத்து நாக்கு கேட்கிற மாதிரி சம்பால் செய்ய இந்தப் பக்கத்தில் அவள் ஒருத்திதான். விரதக்காரர்களுக்குச் சமைப்பதால் ருசி பார்க்கமாட்டாள். முருகன் படத்துக்கு முன்னால் ஒரு கரண்டி வைப்பாள், அப்படியே கட்டிவிடுவாள்.

பக்கத்து வரிசை வீட்டுத் திவாகரன் தினமும் வருவான். அவனும் சொந்தத் தொழில்தான், வீடு வீடாகப் போய் ஏர்கான் கழுவுவான். அந்த வருஷம் காவடிக்கு விரதம் இருந்தான்.

"என்ன தவுக்கே, சம்பால் இருக்கா?"

"தவுக்கேவாம், பெரிய மொதலாளி. மொதல்ல தலையில இருக்கிற ஒட்டடையத் தட்டுடா."

"அது நம்ம கம்பெனி முத்திரைலா, அக்கா."

அவர்கள் சிரிப்பது அடுப்படி வரைக்கும் கேட்கும்.

ஒரு நாள் நளினி சொன்னாள்: "ம்மா, ஜித்ரா டவுன்ல கடை பாத்துட்டேன். பூசம் முடிஞ்சதும் போயிரலாம். மேல ஒரே ரூம்தான். நீங்களும் வாங்க, சமாளிச்சுக்கலாம்லா."

சமாளித்துக்கொள்ளலாம் என்றாளே, அது எனக்குச் சுருக்கென்றது. ஒப்புக்குக் கூப்பிடுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் செய்தது பெரிய காரியம் இல்லை. காய்ந்த இறாலை வறுத்து இடித்து வைத்திருந்தேன். அவள் விளக்கேற்றப் போன நேரத்தில் சம்பாலில் போட்டுக் கிளறினேன். புளியும் கறிவேப்பிலையும் வாடையை மூடிக்கொண்டன. நாலு பேர் வாயில் தட்டுப்படும், முகம் சுளிப்பார்கள், ஆர்டர் குறையும், ஜித்ராப் பேச்சு அடங்கும் என்று நினைத்தேன். விரதத்தைக் கெடுத்ததற்கு முருகனிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்றும் இருந்தேன்.

திவாகரனுக்கு அன்று அலோர் ஸ்டாரில் வேலை. வரமாட்டேன் என்று சொல்லியிருந்தான். ஆனால் வந்துவிட்டான்.

அவன் உடம்புக்கு இறால் ஆகாது. சின்னப் பிள்ளையில் கோத்தா கோலா மூடாவுக்குக் கடல் பார்க்கப் போன இடத்தில் ஒரு இறால் வடையைக் கடித்து, முகம் வீங்கி மூச்சுக்குத் தவித்தான். அவனைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடியவளே நான்தான். அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் கேட்காமல் வாயில் வைக்கமாட்டான். எங்கள் வாசலில் மட்டும் கேட்கமாட்டான். சைவச் சமையல் அல்லவா.

சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொட்டலத்தை மோட்டார் சைக்கிளில் மாட்டினான். கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பான். ஏன் என்று கேட்டிருப்பான். நளினி பக்கத்திலேயே நின்றாள். மகள் முன்னால் என்ன சொல்வது? வெட்கமாக இருந்தது, ஷீலா. வாயைத் திறந்தேன். அவன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அது திறந்தேதான் இருந்தது, சத்தம் வரவில்லை.

வேலைக்குப் போன வீட்டு வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மூச்சு இல்லை.

அதிகாரிகள் வருவதற்குள் நான் சட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். பொட்டலத்தில் இறால் இருந்தது என்றார்கள். கடையில் வாங்கிய மிளகாய்த்தூளில் கலந்து வந்திருக்கும் என்று நளினியே முடிவு கட்டிக்கொண்டாள்.

"ஒரு சொட்டு ருசி பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்மா. நாந்தாம்மா அவனக் கொன்னுட்டேன்."

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். இல்லை என்று நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பாத்திரங்களை விற்றுவிட்டாள். இப்போது கையுறைத் தொழிற்சாலையில் வேலை. பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடுகிறாள், இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். ஒவ்வொன்றையும் நுனிநாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் என் தட்டில் போடுகிறாள். அந்தப் பிள்ளையைக் கொன்ற கை அதே தட்டில்தான் பிசைகிறது. அதைவிட வெட்கம், அந்தச் சாப்பாட்டு நேரத்துக்காக நான் பகலெல்லாம் காத்திருப்பது.

அவள் வருகிற நேரமாகிவிட்டது. இதை அவளிடம் சொல்லிவிடாதே, என்னை விட்டுப் போய்விடுவாள்.

தலையைக் குனி, கண்ணு. உன் அடுப்பு குளிராதிருக்கட்டும். உன் கைப்பண்டம் தின்றவர்கள் வயிறார வாழ்த்தட்டும். உன் வீட்டில் பெற்றவள் ஒருத்தி தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் வராமலே இருக்கட்டும்.